மரப்பரணில் வேட்டைச் சாமான்களை இரவில் விட்டுவிட்டு வரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்காக எழுதியது இது. வெண்வால் மானுக்காக மரத்தில் 15, 20 அடி உயரத்தில் பரணைப் பொருத்திவிட்டு, விடியும் முன்பே ஏறி உட்காருகிறோம். மறுநாளும் அதே மரத்துக்குத்தான் வரப்போகிறோம் என்றால், இத்தனை சாமானையும் ஏன் தினமும் சுமக்க வேண்டும் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். புதிதாக வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. அங்கே இருக்கும் வாசகர்கள் இதை வெறும் தகவலாக மட்டும் படிக்கவும்.

ஒரே வரியில் சொல்லுங்கள், விடலாமா கூடாதா?

பரணை விடலாம், சட்டம் அனுமதிக்கும் இடத்தில். சாமானை மேலே இழுக்கும் தூக்குக் கயிறு, கொக்கி, ஏறும்போது ஹார்னஸை மாட்டிக்கொள்ளும் லைஃப்லைன் கயிறு இவற்றையும் விடலாம். ஆயுதத்தையும், உடம்பில் மாட்டும் பாதுகாப்பு ஹார்னஸையும் ஒரு இரவுகூட விடக் கூடாது. மற்ற சாமான்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும்.

நடுவில் இருப்பவற்றுக்கு நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: நாளைக் காலை இருட்டில் மரத்தடிக்கு வந்து நிற்கும்போது இந்தப் பொருள் காணாமல் போயிருந்தால், அல்லது கண்ணுக்குத் தெரியாமல் பழுதாகியிருந்தால், எனக்கு என்ன ஆகும்? உட்காரும் மெத்தை போனால் இடுப்பு வலிக்கும், அவ்வளவுதான். ஹார்னஸின் ஸ்ட்ராப்பை எலி கடித்திருந்து, அதைக் கவனிக்காமல் மாட்டிக்கொண்டு ஏறினால் உயிரே போகலாம்.

ஆனால் எல்லாவற்றையும் சுமப்பது கஷ்டமாக இருக்கிறதே? விட்டுவிட்டு வருவதில் நியாயமே இல்லையா?

நியாயம் நிறையவே இருக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்னாலேயே சுடும் நேரம் தொடங்கிவிடும். அதற்கு முன்பே நீங்கள் ஏறி, காடு மறுபடி அமைதியாகும் அளவுக்குச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படியானால் கும்மிருட்டில்தான் நடந்தாக வேண்டும். முதுகில் பரண், பை, கனத்த மேலாடை, தோளில் ஆயுதம் என்று ஏற்றிக்கொண்டு சருகில் நடந்தால் சத்தம் வரும். உலோகம் உலோகத்தில் இடிக்கும். வேகமாக நடந்தால் வியர்க்கும், அந்த வியர்வை மேலே போய் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் உடம்பைக் குளிரில் நடுங்க வைக்கும். மானுக்கு மோப்பம் எவ்வளவு கூர்மை என்று தெரியும்தானே, வியர்வை வாடை அதற்கு நேராகப் போய்ச் சேரும். கை காலியாகப் போகிறவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

அதனால் "விடாதே" என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. சுமையில் பெரும்பங்கு பரணும் ஏறும் படிகளும்தான். அவை அங்கேயே நிற்க அனுமதி இருந்தால் பிரச்சினையின் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மிச்சம் இருக்கும் கால்வாசிக்காகத் துப்பாக்கியையும் ஹார்னஸையும் பணயம் வைக்கக் கூடாது என்பதுதான் என் வாதம்.

துப்பாக்கியை அங்கேயே பூட்டி வைத்தால் என்ன?

கூடாது. தோட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும், பூட்டியிருந்தாலும் பூட்டாவிட்டாலும் கூடாது. ஆள் இல்லாத இடத்தில் விட்ட துப்பாக்கி யார் கைக்கும் போகலாம். திருடன் கைக்குப் போகலாம், அந்தப் பக்கம் விளையாட வந்த பிள்ளையின் கைக்கும் போகலாம். பிறகு நடப்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சட்டத்தில் மட்டும் இல்லை, மனசாட்சிக்கும்தான்.

இது தவிர, நனைந்த இரவில் எஃகு சீக்கிரமே துருப்பிடிக்கும். குழலுக்குள் இலைத் துணுக்கோ பனியோ பூச்சிக் கூடோ அடைத்திருந்து, அதைப் பார்க்காமல் சுட்டால் குழலே வெடித்துவிடக்கூடும். இரவில் யாரோ, எதுவோ இடித்து, குறி பார்க்கும் ஸ்கோப் கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் குறி தப்பும். குறி தப்பினால் மான் காயத்தோடு ஓடும். அந்த மான் படும் வேதனைக்கு, நாம் மிச்சம் பிடித்த சில கிலோ சுமை ஈடாகாது.

வீட்டுக்குள் கொண்டுவந்தால் துப்பாக்கி முழுக்க வியர்க்கிறது. குளிரிலேயே விடுவது நல்லது என்கிறார்களே?

சொல்வதில் பாதி சரி. நாள் முழுக்கக் குளிரில் இருந்த உலோகத்தையும் கண்ணாடியையும் சூடான, ஈரப்பதமான அறைக்குள் கொண்டுவந்தால் காற்றில் உள்ள நீராவி அதன்மேல் நீர்த்துளியாகப் படியும். வெளியே மட்டும் இல்லை, குழலுக்குள்ளும் விசைப்பகுதிக்குள்ளும் படியும். அதைத் துடைக்காமல் மறுநாள் காலை உறைநிலைக்குக் கீழே எடுத்துப் போனால் உள்ளே இருக்கும் நீர் உறைந்து விசை சிக்கிக்கொள்ளும்.

ஆனால் அதற்கு மருந்து துப்பாக்கியை மரத்தில் தொங்கவிடுவது இல்லை. தோட்டாக்களை எடுத்துவிட்டு உறைக்குள் வைத்து மூடி, வெளியிலேயே ஜிப்பைப் போட்டு, உள்ளே கொண்டுவந்து அப்படியே சில மணி நேரம் விடுங்கள். மெல்ல மெல்லச் சூடேறும்போது நீர் படிவது பெரும்பாலும் உறையின் மேல்தான். அப்புறம் திறந்து நன்றாகத் துடைத்து, மெல்லியதாக எண்ணெய் பூசி வையுங்கள். சூடேற்றாத, பூட்டக்கூடிய கேரேஜோ சேமிப்பறையோ இருந்தால் பூட்டிய பெட்டியில் அங்கே வைப்பது இன்னும் சுலபம். பைனாகுலருக்கும் இதே முறைதான்.

வில்லையாவது விடலாமா?

விடாதீர்கள். காம்பவுண்ட் வில்லின் (முனைகளில் கேம் என்ற சக்கரம் பொருத்திய வில்) நாண் எந்நேரமும் இழுவிசையில் இருக்கும் பொருள். மெழுகு குறைந்த நாண் ஈரத்தை உறிஞ்சினால் கனம் கூடும், அம்பின் வேகம் மாறும். நாணில் உள்ள பார்வைத் துளை கொஞ்சம் திரும்பினாலும் குறி பார்க்க முடியாது. மழைக்குப் பின் உறைபனி விழுந்தால் கேமின் பள்ளத்திலும் அம்பு தாங்கியிலும் பனிக்கட்டி பிடிக்கும். இருட்டில் இதையெல்லாம் சோதித்துப் பார்க்க முடியாது. முதல் முறை இழுக்கும்போதுதான் தெரியும், அதுவும் மான் முன்னால் நிற்கும்போது.

வில்லின் கை கீழே விழுந்து அடிபட்டு, மயிரிழை அளவு விரிசல் விட்டிருந்தால் இன்னும் மோசம். அதை இழுக்கும்போது முகத்துக்கு நேராக உடையக்கூடும். அம்புகளும் அப்படித்தான். பிளேடு போன்ற முனை பொருத்திய அம்பை மரத்தில் திறந்தபடி விட்டுவிட்டு, மறுநாள் இருட்டில் கையால் துழாவித் தேடுவதை நினைத்துப் பாருங்கள்.

கிராஸ்போ (துப்பாக்கி போல விசையை இழுத்து எய்யும் வில்) வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். நாணை ஏற்றிய நிலையில் இரவு முழுக்க எங்குமே விடக் கூடாது, வீட்டிலும்தான். நாண், கைகள், விசை எல்லாம் முழு இழுவிசையில் மணிக்கணக்காக நிற்கும். வேட்டை முடிந்ததும் அதற்கென்று விற்கும் மழுங்கிய அம்பை, கற்கள் இல்லாத மென்மையான மண்ணிலோ குறிப்பலகையிலோ எய்து நாணை இறக்கிவிட வேண்டும். எய்யாமலே நாணை இறக்கும் வசதி புதிய மாடல்கள் சிலவற்றில் உண்டு. அம்பு இல்லாமல் வெறும் நாணை மட்டும் விடுவிக்கக் கூடாது, வில் உடைந்துபோகும்.

ஹார்னஸ் மட்டும் மரத்திலேயே தொங்கட்டுமே? மறுநாள் அங்கே வந்துதானே மாட்டப்போகிறேன்?

பலர் செய்யும் தவறு இதுதான், எனக்குப் பெரிய கவலையும் இதுதான்.

ஹார்னஸை எங்கே மாட்டுகிறீர்கள் என்று யோசியுங்கள். மேலே பரணில் தொங்கவிட்டிருந்தால், அதை எடுக்க ஹார்னஸ் இல்லாமலே 20 அடி ஏற வேண்டும். மரப்பரண் விபத்துகளில் பலவும் ஏறும்போதும் இறங்கும்போதும், படியிலிருந்து பரணுக்குக் கால் மாற்றும் அந்த ஒரு நொடியிலும் நடப்பவை. கால் தரையை விட்டு எழும்போதே லைஃப்லைனில் கொக்கி மாட்டியிருக்க வேண்டும், திரும்ப மண்ணைத் தொடும்வரை கழற்றக் கூடாது. மேலே தொங்கும் ஹார்னஸால் இது எதுவும் நடக்காது.

சரி, மரத்தடியில் வைத்தால்? அங்கே எலி இருக்கிறது. நம் வியர்வையின் உப்பு ஊறிய நைலான் பட்டையைக் கொறிக்க வரும் விலங்குகள் நிறைய. கொறித்த இடம் பெரிதாக இருந்தால் கண்ணில் படும். தையலில் நான்கு இழை மட்டும் போயிருந்தால், காலை 5 மணிக்கு ஹெட்லாம்ப் வெளிச்சத்தில், குளிரில் விறைத்த விரலால் தடவிப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. சுமையைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால், வீட்டிலோ வண்டி பக்கத்திலோ ஹார்னஸை மாட்டிக்கொண்டு அப்படியே நடந்து போங்கள். மேலே கனத்த ஆடை போடுமுன் ஹார்னஸ் உடம்பில் இருந்தால் சுமையாகவே தெரியாது.

தயாரிப்பாளர்கள் பலர் ஹார்னஸுக்கு உற்பத்தித் தேதியிலிருந்து 5 ஆண்டு ஆயுள் சொல்கிறார்கள். தைத்திருக்கும் லேபிளில் தேதி இருக்கும். ஒரு முறை விழுந்து அது உங்களைத் தாங்கிப் பிடித்திருந்தால், புதிது போலவே தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். விழுந்து ஹார்னஸில் தொங்கும்போது கால் ஊன்றி நிற்பதற்கான சிறிய பட்டை ஒன்று அதனுடன் வரும். அதைத் தனியாகக் கழற்றி எங்கேயாவது போட்டுவிடாதீர்கள். அசையாமல் தொங்கிக்கொண்டே இருந்தால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும், அதுவும் ஆளைக் கொல்லக்கூடியது.

அப்படியானால் லைஃப்லைன் கயிறும் ஸ்ட்ராப்பும் மட்டும் வெயிலிலும் மழையிலும் இருக்கலாமா?

இருக்கலாம், ஆனால் ஆயுள் கணக்கு உண்டு. லைஃப்லைன் என்பது பரணுக்கு மேலே மரத்தில் கட்டி, தரைவரை தொங்கும் கயிறு. அதில் உள்ள புரூசிக் முடிச்சை நாம் ஏற ஏறக் கையால் மேலே நகர்த்திக்கொண்டே போக வேண்டும், திடீரென்று இழுத்தால் அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வேட்டைப் பருவம் முழுக்க அது அங்கே இருப்பதுதான் அதன் பயனே. ஆனாலும் ஒவ்வொரு முறையும் ஏறுமுன் கையெட்டும் வரை தடவிப் பாருங்கள். முடிச்சை ஒரு முறை முழு பலத்தோடு கீழே இழுத்துச் சோதியுங்கள்.

பரணை மரத்தோடு பிடித்திருக்கும் ராட்செட் ஸ்ட்ராப்தான் இன்னும் கவனிக்க வேண்டியது. வெயிலின் புற ஊதா ஒளி பட்டுப் பட்டு நிறம் வெளுக்கும், விரலால் மடக்கினால் மொடமொடவென்று இருக்கும். அப்படி ஆனது பலம் போனது. 2 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிற தயாரிப்பாளர்கள் உண்டு. அந்தக் கணக்கு எனக்கும் சரியாகப் படுகிறது. மரம் வளர்வதையும் மறக்கக் கூடாது. ஆண்டு முழுக்கக் கழற்றாமல் விட்ட ஸ்ட்ராப் மரம் தடிக்கத் தடிக்க இறுகும். சில மரங்களில் மரப்பட்டை அதன் இருபுறமும் உதடு மாதிரி புடைத்து, ஸ்ட்ராப்பின் விளிம்பை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். வெளியே தெரியும் பகுதி நன்றாக இருப்பது போலத் தோன்றும், உள்ளே புதைந்த பகுதி என்ன நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட பரணில் ஏறாதீர்கள். தனியாக ஒரு ஏணி வைத்து ஏறி, மரத்தோடு உங்களைக் கட்டிக்கொண்டு, ஸ்ட்ராப்பை அறுத்துப் புதிதாகப் போடுங்கள்.

எந்த விலங்கு எதைக் கெடுக்கும்?

அணில் ஸ்ட்ராப்பைக் கடிக்கும், மெத்தையைப் பிய்த்துப் பஞ்சைக் கூட்டுக்கு எடுத்துப் போகும். சுண்டெலி பைக்குள் புகுந்து குடும்பம் நடத்தும். ரக்கூனுக்கு ஜிப் ஒரு தடையே இல்லை. முள்ளம்பன்றிக்கு உப்பு என்றால் உயிர். கைவியர்வை ஊறிய மரப்பிடி, தோல், பிளைவுட் பலகை எதுவாக இருந்தாலும் கடித்துத் தின்னும். கருங்கரடி உள்ள பகுதிகளில் ஃபோம் இருக்கை மிஞ்சுவதே அதிர்ஷ்டம். ரப்பர், பிளாஸ்டிக், எண்ணெய் வாடை எல்லாம் அதை இழுக்கும், ஒரே கடியில் கிழித்துவிடும். தின்பண்டம், மிட்டாய்த் தாள், மானை இழுக்கும் வாசனைத் திரவம் இவற்றில் எதையும் மரத்தடியில் விடாதீர்கள். கரடி ஒரு முறை அங்கே தீனி கண்டால் மறுபடி வரும், அடுத்த நாள் இருட்டில் நீங்களும் அங்கேதான் வருவீர்கள்.

மூடிய பெட்டி மாதிரியான பரண் வைத்திருப்பவர்கள் எலிப் புழுக்கையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வட அமெரிக்காவின் மான் சுண்டெலி ஹன்டா வைரஸைப் பரப்பக்கூடியது. 1993-இல் அமெரிக்காவின் தென்மேற்கில், நான்கு மாநில எல்லைகள் சந்திக்கும் பகுதியில், இளம் வயதினர் உட்படப் பலர் மூச்சுத் திணறி இறந்தபோதுதான் இந்த நோய் அடையாளம் காணப்பட்டது. காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டினால் தூசியோடு வைரஸும் மூச்சுக்குள் போகும். கதவு, சன்னலைத் திறந்து அரை மணி நேரமாவது காற்றாட விடுங்கள். கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, 5 நிமிடம் ஊறவிட்டுக் காகிதத்தால் துடைத்தெடுங்கள். பருவத் தொடக்கத்தில் அதே பெட்டிக்குள் குளவிக் கூடும் இருக்கும், கதவை மெதுவாகத் திறக்கவும்.

சாமான்கள் காட்டிலேயே கிடந்தால் மனித வாடை போய் காட்டு வாடை ஏறிவிடும் என்கிறார்களே?

உலோகப் பரணைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கிறது. சில வாரம் மழையில் நனைந்து காய்ந்தால் பெயிண்ட் வாடையும் தொழிற்சாலை எண்ணெய் வாடையும் பெரும்பாலும் போய்விடும். அதனால்தான் பருவம் தொடங்கப் பல வாரங்கள் முன்பே பரணைப் பொருத்தச் சொல்கிறோம்.

துணி, பை, மெத்தை இவற்றுக்கு அது பொருந்தாது. நேற்று நாள் முழுக்க உங்கள் மேல் இருந்த ஜாக்கெட்டை மரத்தடியில் வைத்தால், மான்கள் சுதந்திரமாக நடமாடும் இரவு நேரம் முழுக்க உங்கள் வாடை அங்கேயே இருக்கிறது என்று பொருள். நீங்கள் வீட்டில் தூங்கினாலும் மானுக்கு நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பது மாதிரிதான். விட்டே ஆக வேண்டிய எதையும் தரையில் வைக்காதீர்கள், மேலே பரண் உயரத்தில் கட்டுங்கள். மானின் மூக்கு எட்டும் உயரத்தில் எதுவும் வேண்டாம்.

கனமான மேலாடையை மட்டும்?

இரவு ஈரத்தில் நனைந்து காலையில் விறைத்திருக்கும் ஆடையைப் போட்டால் போடாமல் இருப்பதைவிட அதிகம் குளிரும். கீழே கிடந்தால் உண்ணியும் ஏறும். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியில் வளர்ந்தவை அக்டோபர், நவம்பரிலும் சுறுசுறுப்பாகத் திரியும். மேலாடையைச் சுருட்டிப் பையின் வெளிப்பக்கம் கட்டிக்கொண்டு, மெல்லிய சட்டையோடு நிதானமாக நடந்து, மரத்தடியில் மூச்சு சீரான பிறகு போட்டுக்கொள்ளுங்கள். வியர்வைப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கும் கருவி), ஹெட்லாம்ப், பேட்டரி?

கொண்டுவந்துவிடுங்கள். எடை ஒன்றும் இல்லை. சாதாரண ஆல்கலைன் பேட்டரி குளிரில் வேகமாகச் சோர்ந்துபோகும், லிதியம் பேட்டரி தாங்கும். எதுவாக இருந்தாலும் ஹெட்லாம்ப் உங்களோடுதான் இருக்க வேண்டும். அது மரத்தில் இருந்தால் மரத்துக்கு எப்படிப் போவீர்கள்? போனும் முதலுதவிப் பொருளும் அப்படித்தான். ஏறும்போது போன் சட்டைப் பையில் இருக்கட்டும், விழுந்து தொங்கினாலும் கை எட்டும்.

திருட்டுப் பயம் இருக்கிறது. பூட்டினால் போதுமா?

பூட்டு நல்லவனைத் தடுக்கும், அவசரத்தில் இருக்கும் திருடனையும் ஓரளவு தடுக்கும். தடித்த கேபிள் பூட்டை மரத்தையும் பரணின் சட்டத்தையும் சேர்த்துப் போடுங்கள். அதைவிடப் பலன் தருவது, கீழே உள்ள ஒன்றிரண்டு ஏறு படிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு வருவது. ஏறவே முடியாவிட்டால் பரணைத் திருட யாரும் மெனக்கெடுவது குறைவு. தனியார் நிலத்தில்கூட இதைச் செய்யச் சொல்வேன், அங்கே காரணம் திருடன் இல்லை, ஏணியைக் கண்டால் ஏறிப் பார்க்கும் பிள்ளைகள். நடைபாதையிலிருந்து தெரியாத மரத்தைத் தேர்ந்தெடுங்கள். பரணின் கண்ணில் படாத இடத்தில் அழியாத மையில் உங்கள் அடையாளத்தை எழுதி, படம் எடுத்து வையுங்கள்.

பொது நிலத்தில் இரவில் பரணை விடச் சட்டம் அனுமதிக்குமா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஒரே மாநிலத்துக்குள்ளும் நிலத்துக்கு நிலம் மாறும். விஸ்கான்சினில் இயற்கை வளத் துறை நிர்வகிக்கும் நிலங்களில், நெடுஞ்சாலை 64-க்கு வடக்கே குறிப்பிட்ட மாதங்களில் அடையாள எண்ணோடு பரணை இரவிலும் விடலாம். அதற்குத் தெற்கே அன்றன்றே எடுத்துவிட வேண்டும். ஒரு சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வேறு வேறு சட்டம். மிச்சிகனில் பொது நிலத்துப் பரணில் உரிமையாளரின் பெயர், முகவரி அல்லது அதற்கு ஈடான அடையாள எண் இருக்க வேண்டும். பென்சில்வேனியாவின் மாநில வேட்டை நிலங்களில், மான் பருவத்துக்கு இத்தனை வாரம் முன்னால் வைக்கலாம், முடிந்து இத்தனை வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று காலக்கெடு உண்டு.

தேசிய வனவிலங்குக் காப்பகங்களில் வேட்டை அனுமதிக்கப்பட்டிருந்தாலும், சொந்தப் பொருளை விட்டுச் செல்வதைக் கூட்டாட்சி விதி தடை செய்கிறது. அனுமதி வேண்டுமென்றால் அந்தக் காப்பகத்தின் தனி விதியில் இருக்க வேண்டும். அங்கே மரத்தில் ஆணி, திருகு எதையும் அடிக்கக் கூடாது, மற்றவர் அடித்து வைத்திருந்தாலும் அந்த மரத்திலிருந்து வேட்டையாடக் கூடாது. விதிகள் ஆண்டுதோறும் மாறும், அந்த ஆண்டின் கையேட்டைப் பார்க்காமல் எதையும் விடாதீர்கள். சந்தேகம் இருந்தால் அந்தப் பகுதி அலுவலரைப் போனில் கேளுங்கள். நான் பேசியவரை பொறுமையாகவே பதில் சொல்கிறார்கள்.

பொது நிலத்தில் பரணை விட்டுவிட்டால் அந்த இடம் நமக்குச் சொந்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. பல இடங்களில் அப்படி ஓர் உரிமை கிடையாது. காலையில் வேறொருவர் பக்கத்தில் இருந்தால் சண்டை போடாமல் நகர்ந்துவிடுங்கள். இரண்டு பேர் கையிலும் ஆயுதம் இருக்கிறது.

நிலம் நண்பருடையது. அவர் ஏதும் சொல்ல மாட்டார்தானே?

வேட்டையாட அனுமதி கொடுத்தவர் பரணை விடவும் அனுமதி கொடுத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தனியாகக் கேளுங்கள், முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். எந்த மரம் என்று கூட்டிப்போய்க் காட்டுங்கள். அவர் மரத்தை விற்கப்போகிறாரா, மாடு மேய விடப்போகிறாரா என்பது நமக்குத் தெரியாது.

வேறு வழியே இல்லாமல் ஒரு இரவு விட வேண்டி வந்தால்?

வரும். மாலையில் மானை அடித்து, ரத்தச் சுவட்டைத் தொடர்ந்து போய், இருட்டில் இழுத்துக்கொண்டு வரும்போது கையும் காலும் போதாது. அப்போது ஆயுதம், ஹார்னஸ், விளக்கு, போன், கத்தி, உரிமம் இவை உங்களோடு வர வேண்டும். மற்றதை மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவிலோ, ரப்பர் பூசிய நீர் புகாப் பையிலோ போட்டுத் தூக்குக் கயிற்றால் மேலே ஏற்றிக் கட்டிவிடுங்கள். பையில் தின்பண்டம் இருந்தால் எடுத்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். அன்றன்றே எடுக்க வேண்டிய பொது நிலம் என்றால் மானை வண்டியில் ஏற்றிவிட்டு, மறுபடி போய் எடுத்து வாருங்கள். களைப்பாகத்தான் இருக்கும். ஆனால் களைத்துப்போய் இருட்டில் மரம் ஏறிப் பரணைக் கழற்றுவது ஆபத்து, கூட ஒருவரைக் கூட்டிப்போகவும்.

விட்டுவிட்டு வந்த பரணில் மறுநாள் ஏறுமுன் என்ன பார்க்க வேண்டும்?

இரவில் காற்று அடித்திருந்தால் முதலில் மேலே பாருங்கள், முறிந்து சிக்கி நிற்கும் கிளை இருக்கிறதா என்று. பிறகு தரையிலிருந்தே ஸ்ட்ராப்பின் வால் முன்பிருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். படிகளில் உறைபனி படிந்திருந்தால் காத்திருங்கள், மான் ஓடிப்போய்விடாது. லைஃப்லைனில் கொக்கி மாட்டி, ஒவ்வொரு படியையும் கையால் அசைத்துப் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள். மேலே போனதும் பரணின் தளத்தில் முழு எடையையும் போடுமுன் ஒரு காலால் அழுத்திப் பாருங்கள். ஆயுதத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறக் கூடாது. தோட்டா இல்லாத துப்பாக்கியைக் குழல் கீழே பார்த்திருக்கும்படி தூக்குக் கயிற்றில் கட்டிவிட்டு ஏறி, உட்கார்ந்து, உங்களை மரத்தோடு கட்டிக்கொண்ட பிறகுதான் மேலே இழுக்க வேண்டும்.

பருவம் முடிந்ததும் பரணைக் கழற்றியே ஆக வேண்டுமா? அடுத்த ஆண்டும் அதே மரம்தானே?

பொது நிலத்தில் காலக்கெடுவுக்குள் கழற்றாவிட்டால் பறிமுதல் செய்வார்கள், அபராதமும் வரும். தனியார் நிலத்திலும் கழற்றச் சொல்வேன். முழுவதும் முடியாவிட்டால் ஸ்ட்ராப்பையாவது தளர்த்திவிட்டு, ஏறு படிகளைக் கீழே இறக்கி, லைஃப்லைன் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வாருங்கள். தளர்த்திய பரணில் யாரும் ஏறிவிடாதபடி அடிமரத்தில் ஒரு அட்டை கட்டுங்கள். வீட்டில் இணைப்புகள், போல்ட்டுகள், வெல்டிங் ஓரங்களைப் பகல் வெளிச்சத்தில் துடைத்துப் பாருங்கள். கயிறும் ஸ்ட்ராப்பும் எலி எட்டாத டப்பாவில், வாங்கிய தேதியை மேலே எழுதி இருக்கட்டும்.